காசு குடுத்து எதுக்குடா ஓடணும்? – இஸ்லிங்டனின் ஆறு நாள் ஓட்டங்கள்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் மலைத்தொடர்ல, வேலியைத் தாண்டுறதுக்குப் போட்டிருக்கிற மரப்படி ஒண்ணுல உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் சனிக்கிழமை பாக்ஸ் ஹில்லில் ஆரம்பிச்சு 30 கிலோமீட்டர் நல்லா ஓடியாச்சு. மறுநாள் 25 ஓடணும்னு திட்டம். ஒன்பதாவது கிலோமீட்டர்ல தொடை ரெண்டும் "போதும் தம்பி"ன்னு சொல்லிடுச்சு. ஓடவும் முடியல, இறக்கத்துல நடக்கவும் முடியல. ரயில் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

விஷயம் இதுதான். இன்னும் ஏழு வாரத்துல ரிட்ஜ்வேங்கிற மண்பாதையில மூணு நாள் ஓட்டம் ஒண்ணுக்குப் பேர் குடுத்திருக்கேன். மொத்தம் 135 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹால்ல தூக்கம், காலையில எழுந்து மறுபடி ஓட்டம். நான் இதுவரை ஒரு நாளைக்கு மேல ஓடினதே இல்லை. கட்டின காசு, மாணவன் கணக்குல சொன்னா, ரெண்டு மாச மளிகை.

அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட புலம்பினேன். அப்பா வருஷா வருஷம் தை மாசம் காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க நடக்குறதுக்கு வழியெல்லாம் மோரும் சோறும் குடுப்பாக. நீ என்னடா தம்பி, காசு குடுத்து ஓடுறேங்கிற. எதுக்குடா?"

என்கிட்ட பதில் இல்லை. பதில் இல்லாதப்ப நான் வழக்கமா செய்யுறதைச் செஞ்சேன்: பழைய கதைகளைத் தோண்ட ஆரம்பிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சது, பல நாள் ஓட்டத்தோட தலைநகரமா ஒரு காலத்துல இருந்தது, நான் வாரம் ரெண்டு தடவை பஸ்ல கடந்து போற ஒரு கட்டடம்.

நிற்க. கட்டடத்துக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

1773-ல் ஃபாஸ்டர் பவல்னு ஒருத்தர். லண்டனில் ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா வேலை. லண்டனிலிருந்து யார்க் நகரத்துக்கு நடந்து போய்த் திரும்பி வரேன், ஆறு நாளுக்குள்ளன்னு பந்தயம் கட்டினார். போக வர சுமார் 400 மைல், அதாவது 640 கிலோமீட்டருக்கு மேல. 5 நாள் 18 மணி நேரத்தில் முடிச்சுட்டார். அதோட விடலை. 1792-ல், ஐம்பத்தெட்டு வயசு சுமாருக்கு இருக்கும்போது, அதே தூரத்தை இன்னும் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல குறைச்சு நடந்தார். அடுத்த வருஷமே செத்தும் போனார், ஏழையாகவே. பணம் பந்தயம் கட்டினவங்க பக்கம் புரண்டதே தவிர, நடந்தவர் கைக்குப் பெரிசா வந்த மாதிரி தெரியலை.

(நம்ம ஊர்ல நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்குப் போய், தைப்பூசம் முடிச்சு திரும்பியும் நடந்தே வருவாங்க. போகவர நடக்கிற விஷயத்துல பவலுக்கு நம்மாளுங்க ஒண்ணும் குறைஞ்சவங்க இல்லை.)

அடுத்தவர் ஏழை இல்லை. கேப்டன் ராபர்ட் பார்க்லே, ஸ்காட்லாந்து ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. 1809 ஜூன் 1 முதல் ஜூலை 12 வரை நியூமார்க்கெட்டில், ஆயிரம் மணி நேரத்தில் ஆயிரம் மைல், ஆயிரம் கினி பந்தயம். கேக்க சுலபமாத்தான் இருக்கும். மணிக்கு ஒரு மைல்னா சின்னக் குழந்தையும் நடக்கும். ஆனா விதி என்னன்னா ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளயும் ஒரு மைல் நடந்தே ஆகணும். ராத்திரி, பகல், நாப்பத்திரெண்டு நாள். எப்பத் தூங்குறது?

பார்க்லே ஒரு தந்திரம் பண்ணினார். ஒரு மணி நேரத்தோட கடைசியில் ஒரு மைல், அடுத்த மணி நேரம் ஆரம்பிச்ச உடனே இன்னொரு மைல். ரெண்டையும் சேர்த்து நடந்துட்டா நடுவுல ஒன்றரை மணி நேரம் போலத் தூங்கலாம். ஜெயிச்சுட்டார். ஆனா ஆரம்பத்தில் 84 கிலோ இருந்த ஆள், முடிக்கும்போது 70.

இவருடைய பயிற்சி முறையை வால்டர் தாம்ங்கிறவர் 1813-ல் 'பெடஸ்ட்ரியனிசம்'ங்கிற புத்தகத்துல விலாவரியா எழுதி வெச்சிருக்கார். முதல்ல பேதி மருந்து. அப்புறம் கம்பளித் துணியோட நாலு மைல் ஓடி, சூடா ஒரு பானம் குடிச்சு, மெத்தைக்குள்ள சுருண்டு வேர்த்துக் கொட்டணும். சாப்பாடு அரைவேக்காட்டு மாட்டுக்கறி, பழைய ரொட்டி, பழைய பீர். காய்கறி கூடாது, அதுல தண்ணி ஜாஸ்தியாம். வெறும் தண்ணியும் கூடாது! இன்னிக்கு நான் கஷ்டப்பட்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி பாட்டிலை முதுகுல சுமந்துட்டு ஓடுறதைப் பார்த்தா தாம் துரை தலையில் அடிச்சுப்பார்.

ஆனா அந்த முறையில இன்னிக்கும் செல்லுபடியாகுற ஒண்ணு இருக்கு: தினமும் நடக்கணும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பேதியை விட்டுட்டு இதை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன் :-)

இப்ப கட்டடத்துக்கு வருவோம்.

ஏஞ்சல் ஸ்டேஷன்ல இறங்கி அப்பர் ஸ்ட்ரீட்ல நடந்தா இடது பக்கம் உள்வாங்கி நிக்குது பிசினஸ் டிசைன் சென்டர். இப்ப கண்காட்சி, கருத்தரங்கு எல்லாம் நடக்கிற இடம். 1862-ல் திறந்தப்ப இதுக்குப் பேர் அக்ரிகல்சுரல் ஹால். கட்டினது மாடுகளுக்காக, ஸ்மித்ஃபீல்டு கால்நடைக் கண்காட்சி நடத்தத்தான் அவ்வளவு பெரிய இரும்பு, கண்ணாடிக் கூரை. 1891-ல் முதல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்ததும் இங்கதான். மாட்டுக்கும் நாய்க்கும் நடுவுல, 1870-களில், மனுஷங்களை ஆறு நாள் சுத்தவிட்டாங்க.

ஏன் ஆறு நாள்? ஏழாவது நாள் ஞாயிறு. ஞாயித்துக்கிழமை கேளிக்கை கூடாது. அதனால திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு ஆரம்பிச்சு சனி ராத்திரியோட முடிச்சுடணும். பைபிள் குடுத்த காலக்கெடு அது.

இந்தப் பைத்தியத்தை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்தவர் எட்வர்ட் பேசன் வெஸ்டன். 1861-ல் லிங்கன் பதவியேற்பைப் பார்க்க பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் பத்து நாளில் நடந்து, சில மணி நேரம் தாமதமாப் போய்ச் சேர்ந்தவர். அதுக்கப்புறம் ஆறு நாளில் 500 மைல்னு ஒரு வெறி. 1874-ல் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணித் தோத்து, அந்த வருஷம் டிசம்பரில் நியூவார்க்கில்தான் ஜெயிச்சார். 1876-ல் இஸ்லிங்டன் வந்தார். நடக்கும்போது கோக்கா இலையை, அதாவது கொக்கெய்ன் எடுக்கிற இலையை, மென்னார்னு பெரிய சர்ச்சை. அவரே ஒத்துக்கிட்டார். அப்ப அதைத் தடுக்க விதி எதுவும் கிடையாது. டாக்டர் பேவிங்கிறவர் வெஸ்டன் நடக்க நடக்க அவரோட சிறுநீரைச் சேகரிச்சு ஆராய்ச்சி பண்ணி 'லான்செட்' இதழில் எழுதினார். விளையாட்டு அறிவியலோட ஆரம்பப் பக்கங்கள்ல ஒண்ணு இஸ்லிங்டனில், பாட்டில்களில் இருந்திருக்கு!

வெஸ்டனை எதிர்க்க வந்தவர் டேனியல் ஓ'லியரி. அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போய் சிகாகோவில் வீடு வீடாப் புத்தகம் வித்தவர். 1877 ஏப்ரலில் ரெண்டு பேரும் இதே ஹாலில் மோதினாங்க. ஓ'லியரி சுமார் 520 மைல், வெஸ்டன் 510. இதைப் பார்த்துச் சூடேறின சர் ஜான் ஆஸ்ட்லிங்கிற பிரபு (முன்னாள் ராணுவத்துக்காரர், அப்ப எம்.பி., பந்தயப் பிரியர்) ஒரு பெல்ட் செஞ்சு உலகச் சாம்பியன் போட்டின்னு அறிவிச்சுட்டார். முதல் ஆஸ்ட்லி பெல்ட், 1878 மார்ச், அக்ரிகல்சுரல் ஹால்.

அவர் போட்ட விதிதான் முக்கியம். அதுவரைக்கும் குதிகால்-விரல்னு நடையிலக்கணம் பார்த்துட்டிருந்தாங்க. ஆஸ்ட்லி சொன்னது: உன் இஷ்டப்படி போ. நட, ஓடு, படு, தூங்கு; ஆறு நாளில் எவ்வளவு தூரம்கிறதுதான் கணக்கு. கடிகாரம் மட்டும் நிக்காது. யோசிச்சுப் பார்த்தா, இன்னிக்கு மலைப்பாதைகளில் நடக்கிற நெடுந்தூர ஓட்டங்கள் அத்தனையிலும் இருக்கிறது இந்த விதிதான். ஏத்தத்துல நடந்தா யாரும் கேலி பண்றதில்லையே!

ஹாலுக்குள்ள மண்ணும் மரத்தூளும் கொட்டின வட்டப்பாதை. ஒரு மைலுக்கு ஏழு எட்டு சுத்து. பக்கத்துல சின்னக் கூடாரம், அதுல ஒரு கட்டில், ஒரு பயிற்சியாளர். சுத்தி ஆயிரக்கணக்கான ஜனம், பீர், பேண்டு வாத்தியம், சுருட்டுப்புகை. ஓ'லியரி 520 மைல் போட்டு ஜெயிச்சார். அதாவது 837 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடிப்போய், மறுபடி திருநெல்வேலியைத் தாண்டி வர்ற தூரம். ஆறே நாளில். பரிசு 500 பவுண்டும் பெல்ட்டும்.

இந்த ஓட்டக்காரங்க யாருன்னு பாருங்க. 'புளோவர்' பிரவுன், செங்கல் சூளைத் தொழிலாளி; தள்ளுவண்டியில் செங்கல் தள்ளித் தள்ளியே கால் உரம் ஏறினவர்னு சொல்வாங்க. சார்லஸ் ரோவெல், கேம்பிரிட்ஜில் படகுத்துறையில் எடுபிடி வேலை பார்த்தவர். 1879 மார்ச்சில் நியூயார்க்கில் பெல்ட்டை ஜெயிச்சு இருபதாயிரம் டாலருக்குக் கிட்ட அள்ளிக்கிட்டு வந்தார். ஹெய்ட்டியில் பிறந்த கறுப்பினத்தவர் ஃபிராங்க் ஹார்ட், 1880-ல் நியூயார்க்கில் 565 மைல். லண்டன் லாம்பெத்தில் பிறந்த ஏடா ஆண்டர்சன், 1879 ஜனவரியில் புரூக்ளினில் கால் மணிக்கொரு தடவை கால் மைல்னு 2,700 தடவை நடந்து முடிச்சார். ஒரு மாசத்துக்கு ரெண்டு நாள் குறைச்சல், நடுவுல பத்து நிமிஷத்துக்கு மேல தூக்கமில்லாம.

அதே காலத்துல லண்டன் கனவான்களோட அமெச்சூர் கிளப் என்ன விதி வெச்சிருந்தது தெரியுமா? கைத்தொழில் செய்யுறவன், கூலிக்காரன் அமெச்சூர் ஆக முடியாது. 1880-ல் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் வந்தப்பத்தான் அந்த விதி போச்சு. ஆக, செங்கல் தள்ளுறவனுக்கு ஓடணும்னு ஆசையிருந்தா, பந்தயம் கட்டுறவன் முன்னாடி வட்டமடிக்கிறது ஒண்ணுதான் வழி.

அப்பாவோட கேள்விக்கு இங்க பாதிப் பதில் கிடைச்சது. அன்னிக்கு ஏழை ஓடினான், பணக்காரன் பார்த்தான், காசு ஓடுறவனுக்குப் போச்சு, உடம்பும் ஓடுறவனுக்கே போச்சு. இன்னிக்கு நாங்க காசும் குடுத்து ஓடுறோம். முட்டாள்தனம்தான். ஆனா என் கால் மேல யாரும் பந்தயம் கட்டலை. பாக்ஸ் ஹில் பக்கம் நான் மரப்படியில உட்கார்ந்தப்ப, எழுந்து ஓடுன்னு கத்த ஒருத்தனும் இல்லை.

என் தயாரிப்புக்கு இவங்ககிட்ட கத்துக்கிட்டது நிறைய. ரெண்டு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, வெஸ்டன். 1879 ஜூன், நாலாவது பெல்ட், மறுபடி இஸ்லிங்டன். வயசு நாப்பது. இந்த ஆள் முடிஞ்சுட்டார்னு பந்தயக்காரங்க கைகழுவிட்டாங்க. வாழ்நாள் பூரா "நடை"ன்னு பிடிவாதமா இருந்தவர், அந்த நாப்பது வயசுல ஓடக் கத்துக்கிட்டு வந்து 550 மைல் போட்டார். ரெண்டாவதா வந்த பிரவுன் கிட்டத்தட்ட நூறு மைல் பின்னால. அதோட 1883 நவம்பர்லேருந்து 1884 மார்ச் வரை, மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காக இங்கிலாந்துச் சாலைகளில் நாளுக்கு 50 மைல், ஞாயிறு தவிர்த்து நூறு நாள், மொத்தம் 5,000 மைல் நடந்தார். முடிச்ச இடம் இப்போ ஓல்டு விக் நாடக அரங்கா இருக்கிற கட்டடம். நாளுக்கு அம்பது, அவ்வளவுதான். நாளைக்கும் நடக்கணும்னு தெரிஞ்சவன் நடை அது. நான் அந்தச் சனிக்கிழமை 30 கிலோமீட்டரை ஓடினது, ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்லாத மாதிரி.

ரெண்டு, ரோவெல். 1882, நியூயார்க். முதல் மூணு நாளில் 353 மைல். யாரும் கிட்ட வர முடியாத வேகம். அப்புறம் ஒரு கோப்பையை எடுத்து மடமடன்னு குடிச்சார். அது வினிகர். வயிறு போச்சு, ஓட்டம் போச்சு. ஜார்ஜ் ஹேசல்ங்கிற இன்னொரு லண்டன்காரர் முதல் முறையா 600 மைல் தொட்டு ஜெயிச்சார். நான் இப்ப என் பாட்டில்களுக்குக் கலர் கலரா டேப் ஒட்டியிருக்கேன். சிரிக்காதீங்க.

இந்தக் காலகட்டத்தோட உச்சம் ஷெஃபீல்டுக்காரர் ஜார்ஜ் லிட்டில்வுட். 1888 டிசம்பர், மேடிசன் ஸ்கொயர் கார்டன், 623¾ மைல். ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிட்டார். அதுக்கப்புறம் ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு; சைக்கிள் வந்துடுச்சு. (ஆறு நாள் சைக்கிள் பந்தயமும் 1878-ல் இதே இஸ்லிங்டன் ஹாலில்தான் பிறந்தது.) 1980-ல் கலிபோர்னியாவில் டான் சோய்ங்கிற தபால்காரர் ஆறு நாள் ஓட்டத்துக்கு மறுபடி உயிர் குடுத்தார். லிட்டில்வுட்டோட சாதனை 1984-ல்தான் உடைஞ்சது, கிரேக்கத்துக்காரர் யானிஸ் கூரோஸ் கையால. 95 வருஷத்துக்கு மேல நின்ன கணக்கு!

சரி, ஹாலுக்குள்ள சுத்தினவங்க எப்ப மலைக்கு வந்தாங்க?

அதுக்கு முதல்ல மலை திறக்கணும். நம்ம ஊர்ல பழனிக்கு நடக்க யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்க மேய்ச்சல் மேடெல்லாம் பிரபுக்களோட வேட்டைக்காடு. 1932 ஏப்ரல் 24-ல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிப் பசங்க நூத்துக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மலைமேல அத்துமீறி ஏறினாங்க. அஞ்சு பேருக்கு ஜெயில். 1935-ல் டாம் ஸ்டீபன்சன்ங்கிற பத்திரிகைக்காரர், இங்கிலாந்தின் முதுகெலும்பு மாதிரி ஒரு நீண்ட நடைபாதை வேணும்னு எழுதினார். 1949-ல் சட்டம் வந்தது. 1965 ஏப்ரல் 24-ல் பென்னைன் வே திறந்தது, 268 மைல். தற்செயலோ என்னவோ, அதே ஏப்ரல் 24! நான் ஓடப்போற ரிட்ஜ்வே 1973-ல் தேசியப் பாதை ஆச்சு. மனுஷன் கால் பட்டது அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே. நான் தடுமாறி நின்ன நார்த் டவுன்ஸ் வே 1978.

பாதை வந்ததும் ஓட்டமும் வந்தது. 1968-ல் முதுகில் கூடாரமும் சாப்பாடும் சுமந்து மலையில் ரெண்டு நாள் ஓடுற காரிமோர் மாரத்தான். 1992-ல் வேல்ஸ் நாட்டின் முதுகு மேல வடக்கிலிருந்து தெற்கே அஞ்சு நாள், டிராகன்ஸ் பேக். ஹெலன் டயமண்டிடஸ், மார்ட்டின் ஸ்டோன் ஜோடி ஜெயிச்சது. அப்புறம் இருபது வருஷம் கழிச்சு 2012-ல்தான் மறுபடி நடந்தது. 2021-லிருந்து அது கார்டிஃப் வரை நீண்டு ஆறு நாள் ஆயிடுச்சு. சுத்திச் சுத்தி அதே ஆறு! பென்னைன் வே முழுக்கக் குளிர்காலத்துல ஓடுற ஸ்பைன் ரேஸும் 2012-ல் தொடங்கினதுதான். 2019-ல் அதை ஆண்கள் அத்தனை பேரையும் முந்தி 83 மணி 12 நிமிஷத்தில் முடிச்சவர் ஜாஸ்மின் பாரிஸ். நடுவுல தங்குமிடங்களில் கைக்குழந்தைக்காகத் தாய்ப்பால் எடுத்து வெச்சுட்டு ஓடினார். வட்டப்பாதை ஓரத்துக் கூடாரமும், நிக்காத கடிகாரமும், அவங்கவங்க இஷ்டமும் அப்படியே மலைக்கு மாறிப் போயிருக்கு.

போன சனிக்கிழமை இஸ்லிங்டன் போய் அந்தக் கண்ணாடிக் கூரையை வெளியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னேன். அப்புறம் அப்பாவுக்குப் போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன். வெஸ்டன், ஓ'லியரி எல்லாம் ஒரு காதுல வாங்கி மறுகாதுல விட்டுட்டார். "படுக்கைக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருந்தான்னியே, அவன் என்ன பண்ணுவான்?"னு மட்டும் கேட்டார்.

"எழுப்பி விடுவான்ப்பா. காலைத் தேய்ச்சு விடுவான். சூப்பு குடுப்பான்."

"அதானே. நாங்க நத்தத்துல படுத்து மறுநாள் எந்திரிக்கையில யாருக்கும் கால் வராது. மொத ஆள் எந்திரிச்சு அரோகரா சொன்னாத்தான் மத்தவன் கால் நகரும். ரெண்டாம் நா காலையில தனியா எவனாலயும் நடக்க முடியாது தம்பி. நீ தனியாப் போனே, அதான் உக்காந்துட்டே."

காசு எதுக்குக் குடுத்தேன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. பாதை இலவசம், அதுக்கு வேற ஆட்கள் 1932-லயே ஜெயில் போய் விலை குடுத்தாச்சு. நான் காசு கட்டினது அந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கு. ரெண்டாம் நாள் விடியற்காலையில் இருநூறு பேர் முனகிக்கிட்டே எழுந்து ஷூ மாட்டுற சத்தத்துக்கு.

வர்ற வாரம் மறுபடி ரெண்டு நாள் பயிற்சி. சனிக்கிழமை 22 மட்டும், ஏத்தமெல்லாம் நடை. ஞாயித்துக்கிழமை என்னோட வர்றேன்னு வகுப்புத் தோழன் ஒருத்தன் ஒத்துக்கிட்டான். கால்ல தேங்காய் எண்ணெய் தேய்ச்சு, பருத்தித் துணி சுத்திட்டுப் படுக்கச் சொல்லியிருக்கார் அப்பா. தாம் துரையோட பேதி மருந்துக்கு அது எவ்வளவோ தேவலை.